குறை கேட்டுப் படகு பிடித்த அக்கா

செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டில் காய்கறி விற்பவர்கள் அக்காவைத் தூரத்தில் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்று, ஒரு காயைக்கூடத் தொடாமல், "இஸ்மே ஐப் க்யா ஹை, போலோ" என்று கேட்பார். இதில் என்ன குறை, சொல்லு.

"ஐப் கைக்கு பூச்தே அம்மா? சப் அச்சா ஹை" என்று, குறையை ஏன் கேட்கிறீர்கள் எல்லாம் நல்லதுதான் என்று, சொன்னவர்களிடம் அவர் வாங்கி நான் பார்த்ததில்லை. ஒரு கிழவி மட்டும், "மேலே கிடப்பது நேற்றையது, அடியிலிருந்து எடுத்துத் தரட்டுமா" என்று தெலுங்கில் கேட்டாள். அதற்குப் பிறகு அக்கா வேறு யாரிடமும் கத்தரிக்காய் வாங்கவில்லை.

குக்கர் வாங்கப் போனாலும் அதே கேள்விதான். தையல்காரரிடமும் அதேதான். ஒருமுறை ஒரு பாத்திரக் கடைக்காரர், "குறை இருக்கிற சாமானை நான் ஏம்மா விக்கப் போறேன்?" என்று கோபித்துக்கொண்டார். அக்கா வெளியே வந்துவிட்டார். நடக்கும்போது என்னிடம் சொன்னார்:

"குறையில்லாத சாமான் உலகத்துல கிடையாதுட்டி. ஒண்ணு, இவருக்கு அது தெரியல. இல்ல, தெரிஞ்சும் மறைக்காரு. ரெண்டுமே எனக்கு ஆகாது."

எண்பதுகளின் நடுவில், மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கொள்முதல் பிரிவில் தட்டச்சர். எனக்கு இருபத்தாறு வயது. அக்கா சோதனைப் பிரிவில் ஆய்வாளர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காற்று அடைக்கும் இரும்பு சிலிண்டர்களில் தண்ணீரை நிரப்பி, அவை தாங்க வேண்டியதைவிடக் கூடுதலாக அழுத்தம் கொடுத்து, எங்காவது விட்டுக்கொடுக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தேறிய சிலிண்டரின் தோளில் தேதியும் முத்திரையும் வெட்டுவார்கள். அக்கா தலையசைக்காமல் அந்த முத்திரை விழாது. மாதக் கடைசியில் உற்பத்திப் பிரிவு மேலாளர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர் பாட்டுக்கு அழுத்தமானியின் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் தூத்துக்குடிக்காரர். கணவர் ரயில்வேயில் கார்டு; வாரத்தில் பாதி நாள் வண்டியில்தான் இருப்பார். நாங்கள் மெட்டுகுடாவில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள். என் தமிழில் வேண்டாமுக்கு 'நக்கோ'வும் ஆமாமுக்கு 'ஹவ்'வும் கலந்திருக்கும். அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பார், திருத்த மாட்டார். தொழிற்சாலைப் பேருந்தில் எப்போதும் இடது ஜன்னல் ஓரம் அவருக்கு, வலப்பக்கம் எனக்கு. நடக்கும்போதும் என்னை வலப்பக்கமே வரச் சொல்வார். சோதனைக் கூடத்தில் இடப்பக்கம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து நிற்பார். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா அக்காவையும் கூப்பிட்டிருந்தார். பையன் வங்கியில் வேலை. காபி குடித்தாகிவிட்டது, எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்தாகிவிட்டது. அக்கா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்ககிட்ட என்ன குறை?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பையனின் அப்பா, "இது என்ன கேள்வி?" என்று எழப் போனார். ஆனால் பையன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கோபம் வந்தா பேசமாட்டேங்க. சில சமயம் ரெண்டு நாள்கூட."

"அடிக்கடி வருமா?"

"அடிக்கடி வராது. வந்தா அப்படித்தான்."

"நல்லது" என்றார் அக்கா. "தெரிஞ்சுக்கிட்டா சமாளிச்சிரலாம்."

அன்று மாலை நான் சம்மதம் சொன்னேன். திருமணத்தை அடுத்த சித்திரை கழித்து வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று.

அந்த வருடம் மழைக்காலத்தில் எங்கள் தொழிற்சாலைக்குச் சிலிண்டரில் காற்றை அடைக்கும் புதிய காற்றழுத்தி ஒன்று வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்த ஜெர்மன் பொறியாளர் திரும்பிப் போகும்போது பழைய பத்திரிகைகள் சிலவற்றைச் சோதனைக் கூடத்தில் விட்டுப் போனார். அதில் ஒன்று கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பவர்களுக்கானது. அட்டையில் ஒரு பெண், நாங்கள் செய்வது போன்ற ஒரு சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மீன் கூட்டத்துக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தாள். அக்கா அந்தப் பத்திரிகையை ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு மதிய உணவு வேளையில் என் மேஜைமேல் வைத்தார்.

"எட்டி, இருபத்தஞ்சு வருசமா சிலிண்டரைச் சரியா இருக்குன்னு சொல்லி அனுப்புதேன். அதை நம்பி ஒருத்தி தண்ணிக்கடியில மூச்சு விடுதா பாரு. நானும் ஒரு தடவை போய்ப் பாக்கணும்."

"எங்க அக்கா?"

பத்திரிகையின் பின்பக்கங்களைத் திருப்பினார். மாலத்தீவில் படகிலேயே ஒரு வாரம் தங்கி, தீவு தீவாகப் போய் மூழ்கிப் பார்க்கும் பயணங்களுக்கான விளம்பரங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம் என்று ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தார்.

"கொள்முதல்னா மூணு பேர்கிட்ட கேக்கணும்லா? மூணு கடிதம் டைப் பண்ணு. ஆபீஸ் காகிதம் வேண்டாம், நான் வாங்கிட்டு வந்திருக்கேன்."

மூன்றும் ஒரே கடிதம்தான். படகில் எத்தனை பேர், எந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும், புதிதாகக் கற்பவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பார், சிலிண்டர்கள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, காற்றழுத்தி எங்கிருந்து காற்றை இழுக்கிறது. கடைசிக் கேள்வியை நான் எதிர்பார்த்தேதான் இருந்தேன்: உங்கள் படகில் என்ன குறை?

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் அக்கா என்னையும் சேர்த்து செகந்திராபாத்தில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் சேர்த்துவிட்டார். நான் உண்மையில் அவருக்குத் துணையாகத்தான் போனேன். இரண்டு மாதத்தில் இருவருமே ஆழப் பகுதியில் மிதக்கக் கற்றுக்கொண்டோம். அக்கா மட்டும் தலையை முழுக்க முக்கமாட்டார். இடது காதில் எண்ணெய்ப் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்.

முதலில் வந்த பதில் வழவழப்பான வண்ணப் புத்தகம். பெரிய படகு, குளிரூட்டிய அறைகள். குறை பற்றிக் கேட்டதற்கு, எங்கள் விருந்தினர்கள் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை என்று ஒரு வரி. அக்கா புத்தகத்தில் இருந்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இங்கன பாரு. மூலையில நிக்குத சிலிண்டருக்கு அடிப்பாகத்துல பெயின்ட் உப்பியிருக்கு. உள்ள துரு. இதை விளம்பரத்துலயே போட்டிருக்கான்."

இரண்டாவது கடிதம் இனிமையாக இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவோம், மருத்துவச் சான்று எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். குறை பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை.

மூன்றாவது பதில் ஒரு தடித்த உறையில் வந்தது. ஆறே பேர் தங்கும் மரப்படகு. அதன் உரிமையாளரே அதை ஓட்டுபவர், மூழ்கக் கற்றுக்கொடுப்பவரும் அவரே, அந்த ஊர்க்காரர். கையால் நான்கு பக்கம் எழுதியிருந்தார்: படகில் ஒரே ஒரு கழிப்பறை. அதன் பம்பைப் பத்துத் தடவை அடித்தால்தான் தண்ணீர் வரும். குளிக்க ஒரு நாளைக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். சமையல்காரருக்கு மீனைத் தவிர வேறு எதுவும் சரியாக வராது. காற்றழுத்தி பழையது, ஆனால் என்ஜின் புகை கலக்காமலிருக்க அதன் குழாயைப் பாய்மரத்தின் மேலே கட்டியிருக்கிறேன். ஏதாவது விபத்து நடந்தால் அதற்கான சிகிச்சைக் கருவி இங்கே அருகில் எங்கும் கிடையாது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும்; என் தம்பி அவசரமாக மேலே வந்ததில் கால் விளங்காமல் போனது. அதனால் நான் யாரையும் ஆழத்துக்கு விடமாட்டேன். அதற்காகச் சிலர் என்னைத் திட்டுகிறார்கள்.

உறையில் இன்னும் சில மெல்லிய தாள்கள் இருந்தன. ஒவ்வொரு சிலிண்டரின் தோளிலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, சோதனைத் தேதி முத்திரைகளை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு தாளில் மட்டும் குறுக்கே கோடு போட்டு, 'இது தேறவில்லை, அறுத்துவிட்டேன்' என்று எழுதியிருந்தது. அக்கா அந்தத் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"இவர்தான்" என்றார். "இவர் படகுலதான் போறோம்."

"போறோமா? நக்கோ அக்கா, நான் எதுக்கு?"

"யாரும் தனியா கீழ போகக்கூடாதுன்னு எழுதியிருக்காரே, படிக்கலையா?"

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. அதற்கு மேலே அவர் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'என் படகின் குறைகளைச் சொல்லிவிட்டேன். உங்கள் உடம்பின் குறைகளை நீங்கள் சொல்ல வேண்டும்.' ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் எப்போதாவது ஓட்டை விழுந்ததுண்டா என்று கேள்விகள் போயின.

நான் என் படிவத்தை அன்றே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அக்காவுடையது அவர் பையிலேயே இருந்தது. பத்து நாள் ஆயிற்று. கேட்டால், "அனுப்புவோம், என்ன அவசரம்" என்றார். எதையும் தள்ளிப்போடாதவர். ஒருநாள் பேருந்தில் எங்கள் வழக்கமான இருக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். வலது ஜன்னல் ஓரம்தான் கிடைத்தது. நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வழி முழுக்கப் படகைப் பற்றிப் பேசினேன். இறங்கும் இடம் வந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்:

"நீ பேசுனதுல பாதி எனக்குக் கேக்கலட்டி."

இறங்கியபின் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வயதில் தூத்துக்குடித் துறைமுகப் பாலத்திலிருந்து கடலில் குதித்திருக்கிறார். கண்ணைத் திறந்துகொண்டே அடிவரை போயிருக்கிறார். மணலும் பாசியும் சூரிய ஒளியும் எல்லாம் தெரிந்ததாம். மேலே வரும்போது இடது காதிலிருந்து ரத்தம். அப்புறம் சீழ், வருடக்கணக்கில் வைத்தியம். அந்தக் காது அத்தோடு மந்தமாகிவிட்டது. வீட்டில் அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே விடவில்லை.

"ஒரு காதைக் கொடுத்து ஒரே ஒரு தடவை பாத்தேன். இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி."

"ஆபீஸ்ல தெரியுமா அக்கா?"

"வேலைக்குச் சேருதப்ப டாக்டர் பின்னால நின்னு பேசிக் காமிச்சாரு. சும்மா வலது பக்கம் லேசா திரும்பி நின்னுக்கிட்டேன்." பிறகு, "ஊர்ல ஒருத்தனை விடாம குறை கேக்குதேன். என்னை ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்ல. இந்த மனுசன் கேட்டுட்டாரு" என்றார்.

"இல்லைன்னு எழுதிடுங்க அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

சொன்ன உடனே நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நானும் பத்து நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் படிவத்தில் உண்மையை எழுதினார். எழுதி முடித்ததும், "கடல்ல இருக்கிறவனுக்குச் சொல்லிட்டு, கூட வேலை பாக்குதவங்ககிட்ட மறைச்சா நல்லாருக்காது" என்று எழுந்து தொழிற்சாலை மருத்துவரிடம் போனார். நான் தடுக்கப் பார்த்தேன். சோதனைக் கூடத்தில் அபாயச் சங்கு எந்தப் பக்கம் ஒலிக்கிறது என்று தெரியாதவருக்கு அங்கே வேலை தருவார்களா என்று பயந்தேன். அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மூன்று வாரம் அவரைக் காகித வேலைக்கு மாற்றி வைத்திருந்தார்கள். உற்பத்திப் பிரிவில் சிலர் வெளிப்படையாகவே சந்தோஷப்பட்டார்கள். சோதனைப் பிரிவின் தலைவர் பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்து வைத்து, அக்கா தேற்றி அனுப்பிய ஒரு சிலிண்டர்கூடத் திரும்பி வந்ததில்லை என்று மேலே எழுதினார். கடைசியில், கூடத்தில் சங்கோடு சிவப்பு விளக்கும் சேர்த்துப் பொருத்தி, அக்காவை அவர் இடத்துக்கே திரும்ப அனுப்பினார்கள். இயந்திரச் சத்தத்தில் சங்கு கேட்காமல் தவித்துக்கொண்டிருந்த மற்றவர்களும் அந்த விளக்குக்கு நன்றி சொன்னார்கள்.

காது மருத்துவர் ஒருவரை செகந்திராபாத்தில் பிடித்தோம். நானும் கூடப் போயிருந்தேன். அவர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஓட்டை எப்போதோ மூடி வடுவாகிவிட்டது என்றார். பிறகு ஓர் இசைக் கவையை ரீங்கரிக்கத் தட்டி அக்காவின் நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார்.

"இடது பக்கம். தப்பா சொல்லுதேனா?"

"சரியாகத்தான் சொல்றீங்க. காதுக்குள்ள நரம்பு நல்லா இருக்கு. அதுக்குப் போற வழிதான் இறுகிக் கிடக்கு. எலும்பு வழியா போனா கேக்குது."

தண்ணீருக்குள் போகலாமா என்று கேட்டதற்கு அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. மெதுவாக இறங்க வேண்டும், மூக்கைப் பிடித்து ஊதிக் காதை அடிக்கடி திறக்க வேண்டும், கொஞ்சம் வலித்தாலும் மேலே வந்துவிட வேண்டும், வலியோடு போனால் இருக்கிற காதும் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார். அதையும் அப்படியே படகுக்காரருக்கு அனுப்பினோம். பதில் மூன்று வரியில் வந்தது: வாருங்கள். வலித்தால் மேலே ஏற்றிவிடுவேன். என்மேல் கோபப்படக் கூடாது.

எங்கள் வீட்டில் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றார். "கல்யாணத்துக்கு நாலு மாசம்தான் இருக்கு. கடலுக்கு அடியில போறாளாம். அவங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

மாப்பிள்ளையிடம் நானே சொல்வதாகச் சொன்னேன். வங்கி வாசலில் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. அவருடைய குறை எனக்கு முன்பே தெரியும் என்பதால் அழாமல் காத்திருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்து வாசலில் நின்று, "எனக்குப் பயமாயிருக்கு, அதான் பேச வரல" என்றார். "அந்தப் படகுக்காரர் எழுதின லெட்டரைக் கொஞ்சம் காட்டு." நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "போயிட்டு வரட்டும்ங்க" என்றார்.

தொழிற்சாலையில் வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று வாங்கியது இன்னொரு கூத்து. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் அக்கா 'கடலடியைக் காண' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கோப்பு ஆறு மேஜைகளில் நின்று நின்று நகர்ந்தது. மாசி பிறப்பதற்குள் கையெழுத்தாகிவிட்டது.

படகு, கடிதத்தில் சொன்னது போலவே இருந்தது. பம்பைப் பன்னிரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. எங்களைத் தவிர நான்கு வெளிநாட்டுக்காரர்கள். படகுக்காரருக்கு எங்கள் இருவர் வயதுக்கும் நடுவாக இருக்கும். இந்தி நன்றாகப் பேசினார். எங்களை வரவேற்றுவிட்டு அக்காவைப் பார்த்து, "எந்தக் காது?" என்று கேட்டார். அக்கா இடது காதைத் தொட்டுக் காட்டினார். அவர் அன்றிலிருந்து அக்காவின் வலப்பக்கம் நின்றே பேசினார்.

முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் முழங்காலிட்டு மூச்சு விடக் கற்றுக்கொண்டோம். அக்காவுக்கு அது சட்டென்று வந்துவிட்டது. இரண்டாம் நாள் கொஞ்சம் ஆழம். ஓர் ஆள் உயரம் இறங்கியதும் அக்கா காதைப் பிடித்துக்கொண்டார். படகுக்காரர் உடனே அவரை மேலே கொண்டுவந்துவிட்டார். மறுபடி இறங்கினார், மறுபடி வலி. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் நான் மற்றவர்களோடு பவளப் பாறைவரை போய்விட்டு வந்தேன். பார்த்ததைச் சொல்லத் துடித்துக்கொண்டு ஏணியில் ஏறினால், அக்கா படகின் முனையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முகக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

"சொல்லுட்டி. என்னென்ன பாத்த?"

சொன்னேன். மஞ்சள் மீன்கள், தட்டுத் தட்டாகப் பவளம், ஓர் ஆமை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "படகைச் சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்கேன். வந்த ஆளுதான் தேறல" என்றார்.

அக்கா என்ன சொல்கிறார் என்று படகுக்காரர் கேட்டார். நான் இந்தியில் சொன்னேன். அவர் வந்து அக்காவின் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"வலித்தால் மேலே என்று எழுதியிருந்தேன். எவ்வளவு நேரத்தில் கீழே போக வேண்டும் என்று எழுதவில்லையே. நீங்கள் தலை கீழாகப் போகப் பார்க்கிறீர்கள், மற்றவர்களைப் பார்த்து வேகமாகவும் போகிறீர்கள். நாளைக்குக் கால் முதலில். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் ஒரு சாணாக. அரை மணி ஆனாலும் நான் கூட நிற்கிறேன்."

ஐந்தாம் நாள் காலை, மற்றவர்கள் எல்லாம் பாறைப் பக்கம் போகாமல் படகிலேயே இருந்தார்கள். யாரும் அவர்களை இருக்கச் சொல்லவில்லை. தண்ணீர் கண்ணாடி போலிருந்தது. அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் முதலில் இறங்கினார். எதிரே படகுக்காரர், பக்கத்தில் நான். ஒரு சாண் இறங்குவார், மூக்கைப் பிடித்து ஊதுவார், காத்திருப்பார். இரண்டு முறை வலித்து, இரண்டு முறையும் ஒரு கை உயரம் மேலே ஏறி, திரும்ப இறங்கினார். அந்த இடத்தில் ஆழம் மூன்று ஆள் உயரம் இருந்தால் அதிகம். எனக்கு அது ஒரு பகல் போலிருந்தது. அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகக்கண்ணாடிக்குள் அவை சோதனைக் கூடத்தில் முள்ளைப் பார்ப்பது போலவே இருந்தன.

பிறகு அவர் பாதம் மணலில் பட்டது. லேசாகப் புழுதி எழுந்து அடங்கியது.

படகுக்காரர் கையால் கேட்டார்: சரியா? அக்கா விரலை வளைத்துக் காட்டினார்: சரி. கயிற்றை விட்டார். பக்கத்தில் ஒரு பவளத் திட்டில் நீலமும் பச்சையுமாகக் கிளிமீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை பவளத்தைக் கடிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் தண்ணீரெங்கும் கேட்டது. அக்கா திடீரென்று அசையாமல் நின்றார். கையைத் தூக்கி இடது காதின்மேல் வைத்தார், எடுத்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, வலிக்கிறதா என்று சைகை காட்டினேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, காதையும் மீனையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டினார். எனக்குப் புரியவில்லை.

கால் மணி நேரம் கழித்து மெதுவாக மேலே வந்தோம். படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவேயில்லை. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டி, அந்த மீன் கடிக்க சத்தம் கேட்டியா?"

"ஹவ் அக்கா, கேட்டேனே."

"எனக்கு ரெண்டு பக்கமும் கேட்டுச்சு. இந்தப் பக்கமும். நாப்பது வருசம் ஆச்சுட்டி இந்தப் பக்கம் கேட்டு."

காது மருத்துவர் நெற்றியில் கவையை வைத்துச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. தண்ணீருக்குள் சத்தம் தலையெலும்பு வழியாகவே போகிறது. அதைச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படகுக்காரர் முதலில் ஏணியில் ஏறி நின்று, அக்காவைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. இடுப்பில் தொங்கிய சிலிண்டரின் அழுத்தமானியை எடுத்து, முள்ளைப் பார்த்து, அவருக்கும் திருப்பிக் காட்டினார்.

"ஆதா ஹை" என்றார். இன்னும் பாதிக் காற்று இருக்கிறது.

படகுக்காரர் குனிந்து முள்ளைப் பார்த்தார். வானத்தையும் கடலையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏணியிலிருந்து மறுபடி தண்ணீரில் இறங்கினார். அக்கா அதற்குள் வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, நங்கூரக் கயிற்றைப் பிடித்து, கால் முதலில் இறங்க ஆரம்பித்திருந்தார்.